‘ராணுவப் புரட்சி’க்கு மாற்றாக ஒரு சொல்

அனைவருக்கும் வணக்கம்.

ராணுவமோ ஆட்சியில் இருப்பவர்களோ சட்டத்தை மீறி அதிகாரத்தைக் கைப்பற்றுவதைக் குறிக்கும் ‘கூ தெத்தா’ (coup d'état) என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குத் தமிழில் ‘ஆட்சிக் கவிழ்ப்பு’ போதும் என்று நண்பர் எழுதியிருந்தார். எனக்கு உடன்பாடில்லை. 1999 ஏப்ரல் 17 அன்று வாஜ்பாய் அரசு 269-க்கு 270 என ஒரே வாக்கில் தோற்றதையும் ‘ஆட்சி கவிழ்ந்தது’ என்றுதான் சொல்கிறோம். 1973 செப்டம்பர் 11 அன்று சிலியில் அந்நாட்டு ராணுவ விமானங்களே அதிபர் மாளிகைமீது குண்டு வீசி அதிபர் அயெந்தேயின் அரசை முடித்தன. வாக்கெடுப்புக்கும் குண்டுவீச்சுக்கும் ஒரே வினைச்சொல்லா?

‘ராணுவப் புரட்சி’ இன்னும் மோசம். பாகிஸ்தானில் 1958 அக்டோபரில் ஆட்சியைப் பிடித்த ராணுவத் தளபதி அயூப் கான் அதற்குப் புரட்சி என்றே பெயர் சூட்டினார். ஆண்டுதோறும் புரட்சி நாள் வேறு. தளபதிகள் தமக்குத் தாமே வைத்துக்கொள்ளும் பட்டத்தை நாம் ஏன் சுமக்க வேண்டும்? புரட்டிப் போட்டால் கீழிருப்பது மேலே வர வேண்டும். இங்கே நாற்காலியில் ஆள்தான் மாறுகிறார். (புரட்சிக்குப் பக்கத்து வீட்டில்தான் ‘புரட்டு’ம் குடியிருக்கிறது, அது வேறு கதை.) இலங்கையில் வழங்கும் ‘சதிப்புரட்சி’ பாதி தூரம் சரியாக வருகிறது, பின்பாதியில் வழுக்கிவிடுகிறது.

பிரெஞ்சுச் சொல்லின் நேர்ப்பொருள் ‘அரசு அடி’. ஸ்பானியர்களும் துருக்கியர்களும்கூட ‘அடி’ என்றே சொல்கிறார்கள். நாமும் ‘அரசடி’ என்றால் அரசமரத்தடிப் பிள்ளையார்தான் நினைவுக்கு வருவார். ‘உள்ளடி’யைக் கட்சிக்காரர்கள் எப்போதோ எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் அந்த ‘உள்’ முக்கியம். அரசுக்குள் இருப்பவரே அடிப்பதுதான் இதன் அடையாளம். பெருவில் 1992 ஏப்ரல் 5 அன்று அதிபர் ஃபுஜிமோரி, படையின் துணையோடு நாடாளுமன்றத்தைக் கலைத்தார். அவர் பதவியில்தான் இருந்தார். கவிழ்ந்த அரசு எங்கே? ‘கவிழ்ப்பு’ இங்கே கைவிட்டுவிடுகிறது.

என் பரிந்துரை: ஆட்சிப்பறிப்பு. தனக்கு உரிமையில்லாததை வலிந்து எடுத்துக்கொள்வது பறிப்பு; வெளியாள் பறித்தாலும் உள்ளாள் பறித்தாலும் பொருந்தும். ‘1962இல் இலங்கையில் நடந்த ஆட்சிப்பறிப்பு முயற்சி’, ‘மியான்மரில் 2021 பிப்ரவரி 1 அன்று ராணுவம் ஆட்சியைப் பறித்தது’ என்று எழுதிப் பார்த்தேன், இடறவில்லை. சங்கிலிப் பறிப்புபோல் ஒலிக்கிறதே என்று ஒருவர் சிரித்தார். ஒலிக்கட்டுமே, செயலும் அதுதானே!

போர்ச்சுகலில் 1974 ஏப்ரல் 25 அன்று இளம் படை அதிகாரிகள் தொடங்கியது விடியலில் ஆட்சிப்பறிப்பு. மக்கள் தெருவில் திரண்டு துப்பாக்கி முனைகளில் செம்பூக்களைச் செருகிய பிறகே அது புரட்சி. இரண்டு சொல்லும் தனித்தனியே இருந்தால்தான் இதை எழுத முடியும்.

‘ஆட்சிப் பறிப்பு’ என்று பிரிக்காமல் ஒரே சொல்லாகச் சேர்த்து எழுதலாம் என நினைக்கிறேன். மறுப்பிருந்தால் எழுதுங்கள்.