ஒஹாயோ குழந்தைகள் இல்லம், 1880: பிள்ளை அப்புறம் எங்கே போச்சு?

காரைக்குடி வம்சாவளி:
அமெரிக்கக் குடும்பம் ஒன்றுக்கு வம்சாவளி தேடிக்கொடுக்கும் வேலை. 1880 சென்சஸில் ஒஹாயோ மாநிலம், வாஷிங்டன் கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி) குழந்தைகள் இல்லத்தில் 7 வயதுப் பெண் பிள்ளை. உறவுமுறைக் கட்டத்தில் 'இன்மேட்', அதாவது இல்லத்தில் தங்கியிருப்பவர். 1900-ல் அந்தப் பெயரே இல்லை. இறந்துபோச்சா, தத்துப் போச்சா? இல்லத்தின் பெயரைப் போட்டுத் தேடினால் ஒன்றும் சிக்கவில்லை.

தேவகோட்டையான்:
இல்லத்தின் பெயரை விடுங்க, கவுண்டியைப் பிடிங்க. 1866 சட்டத்துக்கு அப்புறம் அங்கே கவுண்டிகளே வரிப்பணத்தில் இல்லம் நடத்தின. மாரியேட்டா ஊர்ப் பக்கத்தில் உள்ள உங்க வாஷிங்டன் கவுண்டி இல்லம்தான் அந்த வரிசையில் முதல். அதற்கும் முன்னால், 1858-லேயே கேத்தரின் ஃபே என்ற ஆசிரியை அங்கே சொந்தமாக ஓர் இல்லம் ஆரம்பித்திருந்தார்.

முதல் வேலை, 1880 சென்சஸின் துணைப் படிவங்களில் 'வீடற்ற குழந்தைகள்' தாளை எடுங்க. மெயின் தாளின் பக்க எண், வரி எண் இரண்டும் அதில் இருக்கும். அதை வைத்துப் பொருத்துங்க, பெயரை நம்பாதீங்க. எழுத்து ஆளுக்கு ஆள் மாறும். அப்பா இறந்தாரா, அம்மா இறந்தாரா, கைவிட்டார்களா, இல்லத்துக்கு எழுதிக் கொடுத்தார்களா, எந்த வருஷம் சேர்ந்தது, சொந்த ஊர் எந்தக் கவுண்டி என்று தனித்தனிக் கட்டம். 'அநாதை இல்லம்' என்ற பேச்சே ஆளை ஏமாற்றும். பெற்றவர்களில் ஒருவர் உயிரோடு இருந்த பிள்ளைகள் நிறைய. அம்மா இறந்த கட்டம் காலி என்றால் அம்மாவை அதே 1880-ல் வேறு வீட்டில் தேடுங்க, பெரும்பாலும் வேலைக்காரியாக இருப்பார்.

பள்ளத்தூர் ஆச்சி:
தம்பி, நம்ம செட்டிநாட்டுப் பக்கம் பிள்ளை கூட்டுற, அதாவது தத்து எடுக்கிற கணக்கில் தேடினால் கிடைக்காது. கூட்டின பிள்ளைக்குப் புது அப்பச்சி (அப்பா) உண்டு, சொத்து உண்டு, கோயில்ல புள்ளியும் (குடும்பக் கணக்கில் இடமும்) உண்டு. அங்கே அதிகம் நடந்தது இண்டென்சர், அதாவது ஒப்பந்தம் எழுதிப் பண்ணை வீட்டுக்கு அனுப்புவது. பையனுக்கு 21 வயசு வரை, பெண்ணுக்கு 18 வரை. சாப்பாடு, துணி, பள்ளிக்கூடம் வீட்டுக்காரர் பொறுப்பு. முடிவில் புது பைபிளும் இரண்டு ஜோடி உடுப்பும் கொடுப்பது வழக்கம். பேர் மாறாது, வாரிசும் கிடையாது.

இப்ப கணக்குப் போடுங்க. 1880-ல் 7 என்றால் 18 ஆவது 1891 வாக்கில். அந்த ஒப்பந்தக் காலத்தைக் காட்டியிருக்க வேண்டியது 1890 சென்சஸ். அது 1921-ல் வாஷிங்டன் நகரத் தீவிபத்தில் கெட்டு, பெரும்பாலும் அழிந்துபோச்சு. 1900-ல் அவளுக்கு 27, கல்யாணமாகிப் புருஷன் பேரில் இருப்பாள்.

காரைக்குடி வம்சாவளி:
அப்படியானால் கல்யாணப் பதிவு எங்கே, ஆச்சி? பிறப்புச் சான்றிதழ் மாநில அலுவலகத்தில் கேட்கலாமா?

தேவகோட்டையான்:
மாநிலத்தில் கேட்டால் பணம்தான் வீண். ஒஹாயோவில் மாநில அளவில் பிறப்பு, இறப்புப் பதிவு 1908 டிசம்பரில்தான் தொடங்கியது. 1867 முதல் அதுவரை கவுண்டி ப்ரொபேட் கோர்ட் (உயில், வாரிசு விவகாரம் பார்க்கும் நீதிமன்றம்) பேரேடுதான். கல்யாண லைசென்ஸ், கார்டியன் நியமனம், தத்து எல்லாம் அதே கோர்ட். அதனால் 1888 முதல் 1900 வரை கல்யாணப் பேரேட்டை மணமகள் பெயர் அட்டவணையில் பாருங்க. 18-க்குக் கீழே என்றால் சம்மதம் கொடுத்தவர் பெயரும் இருக்கலாம். அது ஒப்பந்த வீட்டுக்காரராக இருந்தால் ஜாக்பாட். இறப்புப் பேரேட்டையும் விடாதீங்க, விட்டுப்போன பதிவுகள் அதில் ஏராளம் என்றாலும்.

பள்ளத்தூர் ஆச்சி:
இன்னொன்று. மாரியேட்டாவுக்கு எதிர்க்கரை மேற்கு வர்ஜீனியா. ஆற்றைத் தாண்டினால் மாநிலமே வேற. ஒஹாயோவில் இல்லையென்றால் எதிர்க்கரை உட் கவுண்டி கல்யாணப் பதிவையும் புரட்டிப் பாருங்க.

அவள் அப்பா உள்நாட்டுப் போரில் வடக்குப் படைச் சிப்பாய் என்று தெரிந்தால் தேசிய ஆவணக் காப்பகத்தில் பென்ஷன் கோப்பு கேளுங்க. 16 வயசுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்குப் பென்ஷன் கேட்ட மனு என்றால், பிறந்த தேதிக்குச் சாட்சிகள் கொடுத்த வாக்குமூலமே உள்ளே கிடக்கும்.