4×5 கமராவுக்கு எத்தனை மடங்கு லூப்? அவசரம்

நல்லூரான்:
ஞாயிறு நல்லூரில் இருக்கிற பழைய கட்டடம் மந்திரிமனையை, 4×5 அங்குலப் பிலிம் போடுகிற பெரிய கமராவில் படம் எடுக்கப் போகிறேன். கஸ்தூரியார் வீதியில் நகைக்கல் பார்க்கிற 10 மடங்கு லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி) ஒன்று வாங்கினேன். கமராவில் பிம்பம் விழுகிற பின்கண்ணாடியில் வைத்துப் பார்த்தால் ஒரே மணல்தான் தெரிகிறது. இன்னும் கூடின மடங்கு வேண்டுமா? கெதியாகச் சொல்லுங்கோ.

வடலி:
லென்ஸ் எத்தனை மில்லிமீற்றர்? துவாரம் எதில் நிற்கிறது? பின்கண்ணாடியில் வெளிச்சத்தைக் கூட்டுகிற ஃப்ரெனெல் தகடு இருக்கிறதா?

கறுப்புத்துணி:
கூட்டாதீங்கோ தம்பி, குறையுங்கோ. அந்த மணல் தேய்த்த கண்ணாடியின் சொரசொரப்பு. 10 மடங்கில் அதுவும் சேர்ந்து பெருக்கும். 4 முதல் 6 வரை போதும்.

வில்லைவாத்தியார்:
இதெல்லாம் இங்கே எழுதித் தள்ளியாச்சு. தேடிப் பார்க்கப் பஞ்சி. கண்ணாடியின் தேய்த்த பக்கம் உள்ளே, லென்ஸைப் பார்த்தபடி இருக்கும். பிம்பம் விழுவது அங்கேதான். லூப்பும் அங்கேதான் தெளியவேண்டும், வெளிப்பக்கத்தில் அல்ல. பாடம் முடிந்தது.

வடலி:
வாத்தியார், அவருக்கு மணல் தெளிவாகத் தெரிகிறதே. அப்போ தூரம் சரி. மடங்குதான் கூட, அல்லது வெளிச்சம் காணாது. துவாரத்தைச் சிறிதாக எஃப் 22இல் வைத்துக்கொண்டு பார்த்தால் எந்த லூப்பும் உதவாது. முழுக்கத் திறந்து குவியம் பார்த்துவிட்டு, அப்புறம் மூடவேண்டும்.

மணிக்கூடு:
காசு செலவழிக்கத் தேவையில்லை. பழைய 50 மில்லிமீற்றர் லென்ஸ் இருந்தால் திருப்பி லூப்பாகப் பிடியுங்கோ. 250ஐ 50ஆல் பிரித்தால் 5 மடங்கு.

கறுப்புத்துணி:
அந்த 250 எங்கேயிருந்து வந்தது?

மணிக்கூடு:
வெறுங்கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிற கிட்டத்தூரம் 250 மில்லிமீற்றர் என்று வைத்துத்தான் கணக்குப் போடுவார்கள்.

கறுப்புத்துணி:
எனக்கு அந்தத் தூரத்தில் பேப்பர் தலைப்பே தெரியாது. சட்டகம் பார்க்க +3 வாசிப்புக் கண்ணாடி, குவியத்துக்கு மட்டும் லூப். அதுசரி, மத்தியானம் போகாதீங்கோ. வெளிச்சம் மறைக்கத் தலையில் போர்த்துகிற துணிக்குள் அவிந்துபோவீர்கள்.

வில்லைவாத்தியார்:
வெளிப்பக்கம் வெள்ளையான துணி பாவித்தால் ஏன் அவிகிறது?

கறுப்புத்துணி:
வெள்ளைத் துணியில் வெளிச்சம் கசியும்.

வில்லைவாத்தியார்:
உள்ளே கறுப்பு, வெளியே வெள்ளை. இரண்டு படை. வாசித்துவிட்டு எழுதும்.

வடலி:
துணியை விடுங்கோ. நல்லூரான், லென்ஸ் என்ன என்று இன்னும் சொல்லவில்லை. அகலக்கோணம் என்றால் மூலைகளில் லூப்பைக் கொஞ்சம் சரித்துப் பிடித்தால்தான் வெளிச்சம் கண்ணுக்கு வரும்.

நல்லூரான்:
150. ஃப்ரெனெல் இல்லை. 5.6க்குத் திறந்து, மாமாவின் 50ஐத் திருப்பி வைத்தேன். எதிர்வீட்டு மதில் வெடிப்புத் தெரிகிறது. நன்றி.

கறுப்புத்துணி:
வாத்தியார், அந்த இரண்டு படைத் துணி எங்கே எடுக்கலாம்?