18ஆம் தொகுதிக்கு என்ன பேர்: மந்த வாயுவா, விழுமிய வாயுவா?

எல்லாருக்கும் வணக்கம். ஒன்பதாம் வகுப்புக்கு ஆவர்த்தன அட்டவணைய பெரிய சார்ட்டா அடிக்கிறோம், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும். 118 தனிமத்துக்கும் பேர் முடிஞ்சாச்சு, 18ஆம் தொகுதியோட (ஹீலியம், நியான், ஆர்கான், செனான் எல்லாம் இருக்கிற கடைசி நெடுவரிசை) தலைப்பு மட்டும் நிக்குது. மந்த வாயு எதோடயும் சேராதுன்னு நடத்துறோம், அடுத்த பக்கத்துலயே செனானும் புளூரினும் சேர்ந்த செனான் டெட்ராபுளூரைடு வருது, பிள்ளைங்க கேக்குறாங்க. 1962லயே நீல் பார்ட்லெட்ங்கிற வேதியியலாளர் செனானை வச்சு சேர்மம் செஞ்சு காட்டிட்டார், இன்னும் அதே பேர அடிக்க மனசு வரல. நல்ல சொல் இருந்தா சொல்லுங்க.

*

டீச்சர், நாங்கள் யாழ்ப்பாணத்தில விழுமிய வாயு எண்டுதான் படிச்சனாங்கள். தனிமத்துக்கு மூலகம், எலக்ட்ரானுக்கு இலத்திரன். இருக்கிற சொல்லை எடுங்கோவன், ஏன் புதுசா ஒண்டு?

*

> விழுமிய வாயு

அருமையான சொல். ஆனா வாயு எதுக்கு, தொல்காப்பியத்துலயே வளி இருக்கு. விழுவளின்னு வைக்கலாம். விழு-ன்னா சிறப்பு, விழுப்புண், விழுப்பம் எல்லாம் அந்த வேர்தான். தொல்காப்பியத்தோட உரியியல் பகுதி விழுமத்துக்கு சிறப்புன்னும் பொருள் சொல்லுது, துன்பம்னும் சொல்லுது, அது ஏன்னு தனியா ஒரு இழையே போடலாம். அப்படியே ஹீலியத்தையும் எல்லியம்னு மாத்திடுங்க, எல்-னா சூரியன், கிரேக்கத்துலயும் அந்தப் பேரு சூரியன்லேர்ந்துதான் வந்துச்சு. 1868 சூரிய கிரகணத்துல குண்டூர்லயும் மசூலிப்பட்டினத்துலயும் கருவிய வச்சுக்கிட்டுப் பார்த்தாங்களே, அந்தக் கிரகணத்துல சூரிய ஒளியைப் பிரிச்சுப் பார்த்தப்போ தெரிஞ்ச மஞ்சள் கோட்டுலதான் ஹீலியம் கதையே ஆரம்பம்.

*

ஐயா, குண்டூர் விஷயம் வகுப்புல கட்டாயம் சொல்றேன். ஆனா விழுவளின்னு போர்டுல எழுதுனா விழுந்தா வலிக்கும்னுதான் பிள்ளைங்க வாசிக்கும். எல்லியமும் வேணாம், பரீட்சைத் தாள்ல ஹீலியம்னுதான் வரும், மார்க் போயிடும்.

*

நான் வேதியியல்காரன், மந்தத்துக்காகப் பேசறேன். வயிறு மந்தமா இருக்குன்னா செரிக்கவே செரிக்காதுன்னா அர்த்தம்? மெதுவா செரிக்கும், அவ்வளவுதான். செனானும் அதுதான். வெளிக்கூட்டுல எட்டு எலக்ட்ரான் நிறைஞ்சிருக்கு, சேரத் தயங்கும், ஆனா அந்தக் கூடு அஞ்சாவது, அணுக்கருவுலேர்ந்து தூரம், பிடி தளர்வு, புளூரின் மாதிரி ஒண்ணு வந்தா விட்டுக்கொடுத்துடும். பார்ட்லெட் என்ன பண்ணார்னா, பிளாட்டினம் ஹெக்ஸாபுளூரைடு ஆக்சிஜன் மூலக்கூறுலேர்ந்தே எலக்ட்ரானைப் பிடுங்குதுன்னு பார்த்தார், அதுக்கு வேண்டிய ஆற்றல் மோலுக்கு ஏறக்குறைய 1,175 கிலோஜூல், செனானுக்கு 1,170, அப்போ இதையும் பிடுங்குமேன்னு கலந்து பார்த்தார். ஹீலியம், நியான் பக்கம் போனா கதை வேற, அதுங்களோட எலக்ட்ரான் அணுக்கருவுக்கு ரொம்பக் கிட்ட இருக்கு. 1894ல கண்டுபிடிச்ச ஆர்கானுக்கும் கிரேக்கத்துல சோம்பேறின்னுதான் அர்த்தம். தப்பு சொல்லுல இல்ல, "எதோடயும் சேராது"ங்கிற வாக்கியத்துல இருக்கு. அதைத் திருத்துங்க.

*

மந்தம் வடசொல். சோம்பலுக்கு மடி இருக்கு, மடியின்மைன்னு குறள்ல ஒரு அதிகாரமே இருக்கு. மடிவளி.

*

மடின்னா பிள்ளைக்கு அம்மா மடிதான் ஞாபகம் வரும் ஐயா. இன்னொண்ணு, கடைசில இருக்கிற ஆகனெசன் வாயுதானான்னே உறுதி இல்ல, சில அணுக்களைத்தான் செஞ்சிருக்காங்க. அதையும் பார்த்தா வாயு, வளி ரெண்டுமே சிக்கல்.

*

ஆகனெசனை விட்டுடுவோம், நேரமில்ல. மந்தம்னா மெதுவுதான்னு வேதியியல்காரர் சொன்னது சரியாப் படுது, மந்த வாயுன்னே பெருசா போடறேன், கீழ சின்னதா விழுமிய வாயு. அடிக்குறிப்புல "எளிதில் சேராது"ன்னு மாத்திட்டேன்.

*

விழுமியத்தைக் கீழ போட்டது எனக்குச் சரியாப் படேல்லை டீச்சர். ரெண்டு கரையிலயும் பிள்ளையள் ஒரே சொல்லைப் படிக்கட்டும் எண்டுதான் கேட்டனான். அடுத்த பதிப்பில திரும்பக் கேப்பன்.

*

என் வாக்கு வளிக்கே. அட்டை அச்சாகட்டும், விழுமம் பத்தி நாளைக்குத் தனி இழை தொடங்குறேன்.