டிரபீஸில் கவ்வுகிறது, பைண்டில் வழுக்குகிறது: ஒரே யோயோவில் இரண்டுமா?

சுழல்56 (கேள்வி)

வணக்கம். 1ஏ (ஒரே யோயோவை வைத்து நூலில் வித்தை செய்யும் பாணி) பழகும் மெட்டல் யோயோவில் ஒன்றுக்கொன்று முரணான இரண்டு கோளாறுகள் சேர்ந்து வருகின்றன. தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

யோயோ விவரம்: 6061 அலுமினியம், பட்டர்ஃபிளை வடிவம், விட்டம் 56 மி.மீ., அகலம் 44 மி.மீ., எடை 66 கிராம், இரு பாதிக்கும் நடுவே இடைவெளி சுமார் 4.5 மி.மீ. சி சைஸ் பேரிங், நடுவில் குழிவு இல்லாத தட்டை வகை. இடைவெளியின் இரு பக்கச் சுவரிலும் நூலைப் பிடிக்கும் சிலிக்கோன் பேட். நூல் முழு பாலியஸ்டர்.

முதல் கோளாறு: டிரபீஸிலிருந்து (சுழலும் யோயோவை நூல் மேல் ஏற்றி நிறுத்தும் வித்தை) இறக்கும்போது யோயோ நூலைக் கவ்விக்கொண்டு மேலே ஏறுகிறது. சில நேரம் நூலை லேசாகத் தளர்த்தினாலே போதும், ஏறிவிடுகிறது. இரண்டாவது: பைண்ட் (நூலை மடித்து இடைவெளிக்குள் கொடுத்து யோயோவைக் கைக்கு வரவழைப்பது) போட்டால் பாதி உயரம் வந்து வழுக்கி நின்றுவிடுகிறது.

முன்பு இரண்டும் இல்லை. பேரிங் கரகரவென்று சத்தம் போட்டதால் அதைக் கழற்றி, தையல் மெஷின் எண்ணெய் 3 சொட்டு விட்டு மாட்டினேன். நூலும் அப்போதே மாற்றியது. அதிலிருந்துதான் இப்படி, கூடவே லேசான அதிர்வும் இருக்கிறது.

பேட் அதிகமாகப் பிடிக்கிறது என்றால் பைண்ட் ஏன் வழுக்க வேண்டும்? பேட் தேய்ந்துவிட்டது என்றால் ஏன் கவ்வ வேண்டும்? எங்கிருந்து தொடங்குவது என்று புரியவில்லை.

இன்னொரு சந்தேகம்: இதே யோயோவில் இடைவெளியைக் குறைத்து லூப்பிங் (யோயோவைக் கையில் பிடிக்காமல் திரும்பத் திரும்ப வெளியே பாயவிடுவது) பழகலாமா?

நூல்முறுக்கு

பேரிங்கைத் தொடுறதுக்கு முன்னாடி நூலைப் பாருங்க. ரெண்டு விஷயம்.

ஒண்ணு, பேரிங்கில நூல் எத்தனை சுத்து இருக்கு? அன்ரெஸ்பான்சிவ் யோயோன்னா (இழுத்தா தானா ஏறாம, பைண்ட் போட்டாத்தான் வர்றது) ஒரே சுத்துதான். நூல் முனையைப் பிரிச்சு பேரிங் மேல போட்டு, திரும்ப ஒரு முறுக்கு கொடுத்து இன்னொரு தடவை மாட்டினா ரெண்டு சுத்து ஆகிடும். அப்போ பேரிங் மேல நூல் தடிச்சு ரெண்டு பக்கப் பேடையும் உரசும். சும்மா கையை அசைச்சாலே ஏறும்.

ரெண்டாவது, முறுக்கு. யோயோவைத் தொங்கவிடாம ஒரு கையில பிடிச்சுக்கோங்க. சுருக்கு மாட்டின கையைப் பக்கத்துல கொண்டு வந்து நடுவுல நூலைத் தொய்ய விடுங்க. ‘யு’ மாதிரி அமைதியாத் தொங்கினா சரி. தானா ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டா முறுக்கு அதிகம். அந்தப் பின்னல் இடைவெளிக்குள்ள விழுந்துச்சுன்னா யோயோவுக்கு அது பைண்ட் மாதிரிதான்.

முறுக்கை எடுக்க, விரலிலிருந்து சுருக்கைக் கழட்டி, நூல் முழுசும் யோயோவுக்குக் கீழே தொங்குற மாதிரி பிடிங்க. சுழன்று சுழன்று தானா அடங்கும். விளையாடிட்டிருக்கும்போதே எடுக்கணும்னா யோயோவைக் கிடைமட்டமாச் சாய்ச்சு சுழல விடலாம். எந்தப் பக்கம் சாய்ச்சா தளரும்னு ஒரு தடவை செஞ்சு பார்த்தாலே தெரிஞ்சிடும். இன்னும் இறுகினா எதிர்ப்பக்கம் சாய்ங்க.

ஆனா பைண்ட் வழுக்குறதை இது விளக்காது. அதுக்கு வேற யாராவது சொல்லுங்க.

பேரிங்வாசி

கேள்வியிலேயே பதில் இருக்கிறது. அந்த 3 சொட்டு எண்ணெய்தான் இரண்டுக்கும் காரணம்.

பேரிங்கின் உள்வளையம் யோயோவோடு சேர்ந்து சுழலும். வெளிவளையம் நூலோடு அசையாமல் நிற்க வேண்டும். நடுவில் எண்ணெய் தேங்கினால் உள்வளையம் வெளிவளையத்தையும் இழுத்துக்கொண்டு சுழலப் பார்க்கும். நூல் விறைப்பாக இருக்கும்வரை யோயோவின் எடை அதைப் பிடித்து நிறுத்திவிடும், ஒன்றும் தெரியாது. நூல் தளர்ந்த நொடியில் பிடிமானம் போய் வெளிவளையம் சுழன்று நூலைத் தன் மேல் சுற்றிக்கொள்ளும். சுற்றிய நூல் தடித்துப் பேடைத் தொட்டதும் யோயோ மேலே ஏறிவிடும். டிரபீஸிலிருந்து இறக்கும் தருணத்தில் நூல் தளர்கிறது. அதனால்தான் அங்கே கவ்வுகிறது.

இனி வழுக்கல். பேரிங்கைச் சுற்றி ஒட்டினாற்போல் இருப்பது பேட். சுழலும் வேகத்தில் மிகுதி எண்ணெய் வெளியே தெறித்துப் பேடில்தான் படியும். ஷீல்டு (பேரிங்கின் பக்கத்தை மூடும் தகடு) இருந்தாலும் கசியும். பைண்டில் நூல் மடிந்து ஒன்றுக்கு மேற்பட்ட இழையாக உள்ளே போய் இரு பேடையும் அழுத்துவதால்தான் யோயோ சுற்றிக்கொண்டு வருகிறது. பேடில் எண்ணெய் இருந்தால் அந்த அழுத்தம் வீண். எனவே பேட் தேய்ந்திருக்க வேண்டியதில்லை, பிசுக்கு ஏறியிருக்கிறது.

உறுதி செய்துகொள்ள, பேரிங்கைக் கழற்றிப் பென்சில் முனையில் மாட்டி விரலால் ஒரு சுண்டு சுண்டுங்கள். சுத்தமான, எண்ணெய் இல்லாத பேரிங் லேசான கலகல ஒலியோடு நெடுநேரம் ஓடும். ஓரிரு நொடியில் சத்தமே இல்லாமல் நின்றால் உள்ளே எண்ணெய் தேங்கியிருக்கிறது. விட்டு விட்டுத் தடுக்கி நின்றால் தூசு அல்லது நூல் இழை.

சுழல்56

பார்த்துவிட்டேன். பேரிங்கில் நூல் ஒரே சுற்றுதான். தொய்யவிட்டால் லேசாகப் பின்னுகிறது, முறுக்கு கொஞ்சம் இருக்கிறது. பேரிங் சுண்டியதும் ஓசையின்றி 2 நொடியில் நின்றுவிட்டது. பேடைத் துணியால் துடைத்தால் பிசுபிசுப்பாக வருகிறது.

சுத்தம் செய்யும் முறையை வரிசையாகச் சொல்ல முடியுமா? பேரிங் குமிழில் இறுக்கமாக உட்கார்ந்திருக்கிறது, மிகவும் சிரமப்பட்டுத்தான் வெளியே வந்தது.

பேரிங்வாசி

முதலில் கழற்றும் விதம். ஸ்க்ரூடிரைவரை அடியில் கொடுத்து நெம்பவே கூடாது. பேரிங் உட்காரும் குமிழ் மெல்லிய அலுமினியம்; அது கீறினாலோ சாய்ந்தாலோ அதிர்வு நிரந்தரமாகிவிடும். சி சைஸ் பேரிங்கின் உள்விட்டம் 6.35 மி.மீ. என்பதால் 6 மி.மீ. டிரில் பிட்டின் வழவழப்பான வால்பகுதி உள்ளே போகும். அச்சை எடுத்துவிட்டு அதை நுழைத்து, லேசாகச் சாய்த்துப் பிடித்து நேராக மேலே இழுங்கள். வராவிட்டால் பேரிங் மேல் பழைய நூலைச் சுற்றி, பிளையரால் மெதுவாகப் பிடித்து இப்படியும் அப்படியும் அசைத்து எடுக்கலாம். அழுத்திப் பிடித்தால் வெளிவளையம் நெளியும்.

அடுத்து ஷீல்டு. விளிம்பில் மெல்லிய கம்பி வளையம் இருந்தால் அதன் முனை முடியும் இடத்தில் ஊசியை நுழைத்து உள்நோக்கி இழுங்கள். மேலே ஒரு விரலை வைத்துக்கொள்ளுங்கள், துள்ளிக் காணாமல் போய்விடும். கம்பி வளையமே இல்லையென்றால் ஷீல்டு அழுத்திப் பொருத்தப்பட்டது. அதை எடுக்க முயல வேண்டாம், அப்படியே ஊற வைக்கலாம்.

99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹால் அல்லது அசிட்டோன், சின்னக் கண்ணாடிக் குப்பியில் பேரிங் மூழ்கும் அளவு. 5 நிமிடம் மூடிக் குலுக்குங்கள். திரவம் மங்கினால் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றி மறுபடி குலுக்குங்கள். தையல் மெஷின் எண்ணெய் நிறைய இருப்பதால் உங்களுக்கு இரண்டு மூன்று முறை தேவைப்படலாம். எடுத்து டிஷ்யூவில் தட்டி, அரை மணி நேரம் காயவிட்டு, சுண்டிப் பாருங்கள். இரண்டு திரவமும் எளிதில் தீப்பற்றும். சன்னலைத் திறந்து வையுங்கள், அருகில் அடுப்போ விளக்கோ கூடாது. அசிட்டோன் பிளாஸ்டிக் யோயோ மேல் பட்டால் வெடிப்பு விடும். அலுமினியத்துக்குப் பயமில்லை, ஆனாலும் யோயோவை அதில் முக்க வேண்டிய தேவையே இல்லை.

பேடை ஆல்கஹால் நனைத்த பஞ்சுக்குச்சியால் துடையுங்கள். பஞ்சில் கறை வராமல் நிற்கும்வரை.

பலரும் விட்டுவிடும் ஒன்று: நூலையும் மாற்றுங்கள். பாலியஸ்டர் நூல் பேரிங் அருகில் எண்ணெயை உறிஞ்சி வைத்திருக்கும். பழைய நூலையே மாட்டினால் துடைத்த பேட் மறுபடி பிசுக்காகும், பேரிங் சரியாகவில்லை என்று நினைத்துத் திரும்பவும் கழற்றுவீர்கள்.

காய்ந்தபின் எண்ணெயே விடாமல் விளையாடலாம். சத்தம் பிடிக்கவில்லை என்றால், யோயோவுக்கென்று விற்கும் மெல்லிய எண்ணெயை ஊசி முனையில் தொட்டு, குண்டுகள் மேல் ஓர் இடத்தில் வைத்தால் போதும். அது ஒரு சொட்டுகூட இல்லை.

நூல்முறுக்கு

எண்ணெயே வேண்டாம்ங்கிறதை நான் ஒத்துக்க மாட்டேன். காஞ்ச ஸ்டீல் பேரிங் சத்தமும் போடும், சீக்கிரம் தேயவும் செய்யும், ஈரக் காத்துல துருவும் பிடிக்கும். ஊசி முனை அளவு எப்பவும் வைங்க. செராமிக் குண்டுன்னா மட்டும் காஞ்சே ஓட்டலாம்.

பேரிங்வாசி

ஈரப்பதமான இடத்தில் நீங்கள் சொல்வதுதான் சரி. விட்டவுடன் சற்றுக் கவ்வும், கொஞ்ச நேரம் ஆடியபின் எண்ணெய் பரவிச் சரியாகிவிடும். அதைப் பார்த்துத் திரும்பக் கழுவ ஓட வேண்டாம்.

எம்4அச்சு

அதிர்வைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அது எண்ணெயால் வராது, மறுபடி பூட்டிய விதத்தில் வந்திருக்கும்.

மூன்று இடங்கள். முதலில் பேரிங் குமிழின் அடிவரை சமமாக இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் தூக்கி நின்றால் இரு பாதியும் ஒரே நேர்கோட்டில் அமராது. அடுத்து பேட். நகத்தை இடைவெளிச் சுவரிலிருந்து பேட் மேல் ஓட்டுங்கள். தட்டுப்படாமல் போக வேண்டும், அல்லது பேட் இம்மி அளவு பள்ளத்தில் இருக்கலாம். ஓரிடத்தில் மேடு தட்டினால் பேட் காடிக்குள் சரியாக அமரவில்லை. அது அதிர்வைவிட முக்கியமாக நூலைக் கவ்வும்.

மூன்றாவது அச்சு. மெட்டல் யோயோக்களில் பெரும்பாலும் தலையில்லாத எம்4 திருகுதான் இருக்கும், 2 மி.மீ. ஆலன் கீ பொருந்தும். கண்ணாடி மேல் உருட்டுங்கள். தாவினால் வளைந்திருக்கிறது, மாற்றிவிடுங்கள். விலை மலிவான பாகம். நேராக இருந்தால் இரு பாதியிலும் ஏறக்குறைய ஒரே ஆழம் இறங்கும்படி பூட்டுங்கள். ஒரு பாதியில் நான்கே மரை பிடித்திருந்தால் அந்தப் பக்கம் ஆடும், அலுமினிய மரையும் உரிந்துவிடும். கை இறுக்கம் போதும். கருவி போட்டு முறுக்காதீர்கள். அதன்பின்னும் அதிர்ந்தால் அச்சைத் தலைகீழாக மாற்றிப் பூட்டிப் பாருங்கள், சில நேரம் அதுவே தீர்த்துவிடும்.

சுழலும்போது விளிம்பை நகத்தால் மெல்லத் தொட்டால் மட்டும் தெரியும் அதிர்வை விட்டுவிடுங்கள். நூல் வழியாக விரலில் உணர்ந்தால்தான் வேலை செய்ய வேண்டும். ஒரு மாற்றம், ஒரு வீச்சு என்று போங்கள். எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால் எது காரணம் என்றே தெரியாது.

இருகைலூப்

லூப்பிங் கேள்விக்கு வருகிறேன். முடியாது என்பதே என் பதில், காரணம் இடைவெளி மட்டுமல்ல.

லூப்பில் யோயோ தூங்கவே கூடாது, அதாவது நூல் முனையில் நின்று சுழலக் கூடாது. நூல் முனைக்குப் போனதும் தானாகத் திரும்ப வேண்டும், திரும்பும் வழியிலேயே புரண்டு மறுபடி வெளியே பாய வேண்டும். அதற்காகத்தான் 2ஏ (இரு கையிலும் இரண்டு யோயோ வைத்து லூப் செய்யும் பாணி) யோயோக்கள் குறுகலாக, பக்கங்கள் உருண்டு, இடைவெளி ஒடுங்கி இருக்கின்றன: இம்பீரியல் வடிவம் அல்லது அதற்கு நெருங்கிய மாடிஃபைட் வடிவம். உடல் பிளாஸ்டிக், எடை குறைவு. பேரிங்கில் கெட்டியான எண்ணெய், நூல் இரண்டு சுற்று. இந்த உரையாடலில் கோளாறு என்று பேசியதெல்லாம் அங்கே தேவையான அம்சம்.

உங்கள் 44 மி.மீ. பட்டர்ஃபிளை இதற்கு நேர் எதிர். நூலைத் தாங்குவதற்காக விரிந்த வாய், எடை முழுவதும் விளிம்பில். விளிம்பு எடை சுழற்சியை நீட்டிக்கிறது, 1ஏ-வுக்கு அருமை. ஆனால் லூப்பில் யோயோ புரள வேண்டிய இடத்தில் அதே எடை புரள விடாமல் முரண்டு பிடிக்கும், விரிந்த விளிம்பில் நூல் உரசிச் சாயும். அலுமினியம் விரல் முட்டியில் பட்டால் வலியும் கடுமை.

மெல்லிய சி பேரிங் போட்டு இடைவெளியைக் குறைப்பது சில பிளாஸ்டிக் யோயோக்களில் நடக்கும், அவற்றை அதற்கேற்பவே செய்திருக்கிறார்கள். உங்களுடையதில் இரு பக்கக் குமிழும் நடுவில் முட்டிக்கொண்டால் பேரிங் பிடிமானம் இல்லாமல் ஆடும். வேண்டாம்.

லூப்பிங் யோயோ ஒன்றைத் தனியாக வாங்கி முதலில் ஒரு கையில் பழகுங்கள். நூல் பருத்தி அல்லது பருத்தி கலந்தது, 1ஏ நூலைவிடச் சற்றுக் குட்டையாக. ஒவ்வொரு லூப்பும் நூலின் முறுக்கை மாற்றும். இரு கைக்கு வரும்போது ஒரு கை நூல் இறுகும், மறு கை நூல் தளரும். அதனால் இரண்டையும் தனித்தனியே கவனிக்க வேண்டியிருக்கும்.

கையில் இருப்பதை வைத்தே புதிய பாணி வேண்டும் என்றால் 5ஏ பாருங்கள். நூலை விரலில் மாட்டாமல் சுமார் 10 கிராம் எடைக்கட்டையில் கட்டி ஆடுவது. அன்ரெஸ்பான்சிவ் பட்டர்ஃபிளை அப்படியே போதும். சுற்றிலும் கை நீள இடம் காலியாக இருக்கட்டும், கண்ணாடிப் பொருள் எதுவும் வேண்டாம்.

சுழல்56

செய்து பார்த்த விவரம். ஆல்கஹாலில் மூன்று முறை குலுக்கியபின் பேரிங் கலகலவென்று நெடுநேரம் ஓடுகிறது. பேட் துடைத்து, புது நூல் மாட்டி, முறுக்கு எடுத்தாயிற்று. டிரபீஸில் கவ்வவில்லை, பைண்ட் கைவரை வருகிறது. அச்சு ஒரு பாதியில் ஆழமாகவும் மறுபாதியில் மேலோட்டமாகவும் இருந்தது. சமமாக்கியதும் அதிர்வு விரலில் தெரியவில்லை.

ஒன்றே ஒன்று மிச்சம். வேகம் குறைந்தபின் பைண்ட் போட்டால் கடைசி ஒரு சாண் இன்னும் தளர்வாகச் சுற்றுகிறது.

நூல்முறுக்கு

அது யோயோ கோளாறு இல்ல. உள்ளே கொடுக்கிற மடிப்பு சின்னதா இருக்கு. வேகம் குறைஞ்சா மடிப்பைக் கொஞ்சம் பெருசாக் கொடுங்க, நூலைச் சட்டுனு விட்டுடாம இழுவையை வச்சு வழிகாட்டி விடுங்க. சுழலுற திசையோடயே மடிப்பு உள்ளே போகணும். எதிர்ப்பக்கமாக் கொடுத்தா வெளியே துப்பிடும். அப்பவும் தளர்வா இருந்தா, அடுத்த தடவை கொஞ்சம் தடிச்ச நூல் போட்டுப் பாருங்க. பேடைத் தொடாதீங்க.