புதுப்பிப்பு: பாமினி கவிதைகள், ஓவியங்களுக்குச் சொந்த இணைய முகவரி

முன்பு கேட்டது: பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டிய கவிதைகளையும் ஸ்கேன் செய்த ஓவியங்களையும், எந்தத் தளம் மூடினாலும் தொலையாதபடி எங்கே வைப்பது? பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, "டொமைனும் கோப்புகளும் உங்களுடையவை, சர்வர் மட்டும் வாடகை" என்ற யோசனை (டொமைன் என்பது தளத்தின் இணைய முகவரிப் பெயர்). 2009இல் ஜியோசிட்டீஸ் (இலவச வலைப்பக்கத் தளம்), 2019இல் கூகுள் பிளஸ் (சமூக வலைத்தளம்) மூடியபின் இதுதான் சரியான வழி. டாட் காம் பெயரை ஒரே தடவையில் அதிகபட்சம் 10 ஆண்டுக்கு எடுக்கலாம், எடுத்தாயிற்று. பதிவுக்குக் கொடுக்கும் மின்னஞ்சல் அதே டொமைனில் இருக்கவே கூடாது. காலாவதியானால் நினைவூட்டலும் வந்து சேராது. படைப்புகள் மார்க்டவுன் (எளிய குறிகள் கொண்ட வெற்று உரை) கோப்புகளாக இருக்கின்றன; ஹ்யூகோ என்ற இலவச மென்பொருள் அவற்றை எச்டிஎம்எல் பக்கங்களாக்குகிறது. டேட்டாபேஸ் கிடையாது, அதனால் நாளைக்கே வேறு சர்வருக்கு மாற்றலாம்.

எதிர்பாராத சிக்கல், பாமினியிலிருந்து யூனிகோடுக்கு (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை) மாற்றியபோது வந்தது. சில கோப்புகளில் 'கொ' என்பது க, ஒற்றைக்கொம்பு, கால் என்று மூன்று குறியீடுகளாக இருந்தது. திரையில் வித்தியாசம் தெரியாது, தேடினால் மட்டும் 'கொடி' அகப்படாது. பைத்தான் நிரல்மொழியின் யூனிகோடுடேட்டா தொகுதியைக் கொண்டு என்எஃப்சி வடிவத்துக்கு (பிரிந்த குறியீடுகளை ஒன்றாக்கும் வடிவம்) மாற்றியதும் சரியாயிற்று. 'ஔவை'யை ஒ, ள சேர்த்து 'ஒளவை' என்று அடித்த இடங்களை அது தொடாது. அவற்றைக் கையால்தான் திருத்த வேண்டும், 'ஒளி'யைக் கெடுக்காமல்.

பக்க முகவரியைத் தமிழில் வைக்காதீர்கள். நகலெடுத்து ஒட்டும்போது ஒவ்வொரு குறியீடும் பெரும்பாலும் %E0%AE%85 மாதிரி 9 எழுத்தாக விரியும். 'அம்மா' (அ, ம, புள்ளி, ம, கால் என 5 குறியீடு) மட்டுமே 45.