சீட்டில் கொட்டிய பால்: மூன்று வாரமாகியும் வாடை போகவில்லை

நாங்குநேரிக்காரன்:
வணக்கம். எங்கள் கார் 2016 மாடல், சின்ன வண்டிதான். வெளிர் சாம்பல் நிறத் துணி சீட். ஆவணி கடைசி முகூர்த்தத்தில் தங்கை வீட்டுப் பால்காய்ப்புக்குப் போகும்போது, பின் சீட்டில் வைத்திருந்த அரை லிட்டர் பால் பாக்கெட் கிழிந்துவிட்டது. நாங்கள் கவனிப்பதற்குள் பாதிக்கு மேல் சீட் குடித்துவிட்டது. விசேஷ அவசரத்தில் துண்டால் துடைத்ததோடு சரி. மறுநாள் வெந்நீரில் ஷாம்பூ கரைத்து நன்றாகத் தேய்த்துக் கழுவினேன். இரண்டு நாள் வாடையே இல்லை. மூன்றாம் நாள் மதியம் கதவைத் திறந்தால், புளித்த மோரும் ஊசிப்போன வெண்ணெயும் சேர்ந்த மாதிரி அடிக்கிறது. வெயில் ஏற ஏற வாடையும் ஏறுகிறது.

அம்மாவுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். திருநெல்வேலிக்குப் போக வர அந்தப் பின் சீட்டில்தான் படுத்துக்கொள்வார்கள். இப்போது முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டே வருகிறார்கள், பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது. ஐப்பசி மழை பிடிப்பதற்குள் இதைச் சரிசெய்ய வேண்டும். சீட்டைக் கழற்றிக் கழுவலாமா? ஆப்பசோடாவையும் வினிகரையும் கலந்து ஊற்றச் சொல்கிறார் ஒருவர். செய்யலாமா?

செல்வி, திண்டுக்கல்:
கலக்காதீர்கள். பொங்கி நுரைப்பதோடு ஒன்றின் சக்தியை இன்னொன்று தின்றுவிடும், மிஞ்சுவது உப்புத் தண்ணீர் மாதிரி ஒன்றுதான். என் மகன் வாந்தி எடுத்தபோது உடனே துடைத்துக் காயவிட்டு, ஆப்பசோடாவைத் தூவி ஒரு ராத்திரி விட்டேன். காலையில் வாக்குவம் போட்டதும் வாடை போய்விட்டது. ஆனால் அது மேலோடு இருந்தது. உங்களுடையது உள்ளே இறங்கிவிட்டதே.

தையல்மிஷின், மதுரை:
தம்பி, நான் 11 வருஷமாக சீட் கவர் தைக்கிறேன். பழைய சீட்டுகளைப் பிரித்துப் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன், வாடை துணியில் இல்லை, ஃபோமில் இருக்கிறது. நீங்கள் மேலே தேய்த்த தண்ணீர் பாலை இன்னும் கீழே இறக்கிவிட்டது. வெந்நீரும் தப்பு. பாலில் புரதம் இருக்கிறது, சூடு பட்டால் அது இழையோடு பிடித்துக்கொள்ளும். பச்சைத் தண்ணீர்தான் சரி.

முதலில் பின் சீட்டின் அடிப்பாகத்தை வெளியே எடுங்கள். சில வண்டிகளில் முன் ஓரத்தைத் தூக்கினால் கிளிப்பிலிருந்து வந்துவிடும், சிலதில் போல்ட் இருக்கும். வண்டியோடு வந்த புத்தகத்தில் பார்த்துவிட்டுக் கை வையுங்கள். ஒயர் ஏதாவது சீட்டுக்குள் போனால் இழுக்காதீர்கள். முன் சீட்டை மட்டும் வீட்டில் கழற்றவே வேண்டாம். அதன் அடியில் மஞ்சள் பிளக் இருந்தால் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது. பெல்ட் போடாவிட்டால் கத்தும் சென்சாரும் டிரைவருக்குப் பக்கத்து சீட் மெத்தைக்குள்தான் இருக்கும். அங்கே தண்ணீர் ஊற்றினால் செலவு எங்கேயோ போய் நிற்கும்.

சீட் வெளியே வந்ததும், வாடைக்குக் காரணமான அழுக்கையே சிதைக்கும் என்சைம் கிளீனர் வாங்குங்கள். நாய், பூனை மூத்திர வாடைக்கு என்று வளர்ப்புப் பிராணிக் கடைகளில் விற்பார்கள். பால் எவ்வளவு ஆழம் போனதோ அவ்வளவு ஆழம் அதுவும் போக வேண்டும், ஆகவே கஞ்சத்தனம் வேண்டாம். ஊற்றி, மேலே பிளாஸ்டிக் தாள் போட்டு மூடி, புட்டியில் போட்டிருக்கும் நேரம் வரை ஈரமாகவே வையுங்கள். காய்ந்துவிட்டால் என்சைம் வேலையை நிறுத்திவிடும். அப்புறம் பச்சைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, ஈரம் உறிஞ்சும் வாக்குவத்தால் இழுங்கள். வீட்டில் தூசிக்கு வைத்திருக்கும் வாக்குவத்தில் தண்ணீர் இழுக்கக் கூடாது, ஷாக் அடிக்கும். அந்த மிஷின் கிடைக்காவிட்டால் தடித்த துண்டை மடித்துப் போட்டு முழங்காலால் அழுத்துங்கள். துண்டில் ஈரம் வருவது நிற்கும்வரை துண்டை மாற்றிக்கொண்டே இருங்கள்.

கழுவுவதைவிடக் காயவைப்பதுதான் பெரிய வேலை. ஃபோம் பக்கம் வெயிலைப் பார்க்கும்படி சுவரில் சாய்த்து வையுங்கள், துணி வெளிறாது. இரண்டு மூன்று நாள் வெயில், ராத்திரி வீட்டுக்குள் டேபிள் ஃபேன். அரைகுறையாகக் காய்ந்ததை மாட்டினால் பூஞ்சை பிடித்து வேறு வாடை ஆரம்பிக்கும். பெல்ட்டில் பால் பட்டிருந்தால் சோப்புத் தண்ணீர் மட்டும் போதும். பிளீச் பட்டால் நாடா பலம் போய்விடும்.

குமார், சேலம்:
அண்ணே, இடையில் ஒரு சந்தேகம். என் சீட்டில் சாம்பார்க் கறை. சோப்பு போட்டதும் சிவப்பாகிவிட்டது!

தையல்மிஷின், மதுரை:
அது மஞ்சள் தூளின் குணம், சோப்பின் காரம் பட்டால் சிவக்கும். நல்ல தண்ணீரில் சோப்பை எடுத்துவிட்டுக் கொஞ்சம் வினிகர் தொட்டால் மறுபடி மஞ்சளாகும். மிச்சத்தை வெயில் வெளுக்க வைக்கும், நாலைந்து நாள் பொறுங்கள்.

நாங்குநேரிக்காரன்:
அண்ணே, ஞாயிற்றுக்கிழமை சீட்டைக் கழற்றினேன். எங்கள் வண்டியில் கிளிப்தான், இரண்டு பேர் தூக்கியதும் வந்துவிட்டது. அடியில் தரை விரிப்பைத் தூக்கினால், கீழே இருக்கும் பஞ்சுப் பட்டையில் தயிர் திப்பி மாதிரி உள்ளங்கை அகலத்துக்குக் காய்ந்து கிடந்தது! பெல்ட் கொக்கி வரும் சந்து வழியாக இறங்கியிருக்கிறது. சீட்டுக்குச் செய்ததையே அதற்கும் செய்தேன். மூன்று நாள் நல்ல வெயில் கிடைத்தது, புதன் சாயங்காலம் மாட்டினேன். வியாழக்கிழமை மதியம் டயாலிசிஸ் முடிந்து வரும்போது அம்மா ஒன்றும் சொல்லவில்லை. வழியில் மூன்றடைப்பு ஊர் வருவதற்குள் தூங்கிவிட்டார்கள். உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

ஒன்றே ஒன்று பாக்கி. துணியில் வட்டமாக ஒரு தண்ணீர்க் கோடு நிற்கிறது.

தையல்மிஷின், மதுரை:
அம்மா தூங்கினார்கள் என்று படித்ததே எனக்குப் போதும், தம்பி. அந்தக் கோடு நனைந்த இடமும் நனையாத இடமும் சேரும் ஓரம். ஒரு துண்டை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, சீட் துணியை ஒரு தையலிலிருந்து அடுத்த தையல் வரை முழுக்க ஒரே ஈரமாகத் துடைத்துவிட்டு, கதவுகளைத் திறந்து வைத்துக் காயவிடுங்கள். மேலோடு மட்டும், ஃபோம் நனைய வேண்டாம்.