செட்டிநாட்டுக் கல்யாண வீடியோவில் கதை சொல்வது: உங்கள் அனுபவம் என்ன?

காரைக்குடி கேமராக்காரர்:

கல்யாணத்துக்குச் சினிமா இலக்கணம் எதுக்கு, டிரோனும், கேமரா ஆடாமல் பிடிக்கிற கிம்பலும் போதாதா என்று கேட்கிறார்கள். 1940-களில் ஏவிஎம் மெய்யப்பச் செட்டியார் தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டுடியோ போட்டுப் படம் எடுத்த மண் இது, நம்மிடம் இப்படிக் கேட்கலாமா!

போன தையில் கானாடுகாத்தானில் ஒரு கல்யாணம். பெண் வீட்டார் சென்னையில் இருக்கிறார்கள், ஊர் வீடு வருஷம் முழுக்கப் பூட்டித்தான் கிடக்கும். வழக்கமாக டிரோனை ஏற்றி, ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற ஓட்டுக் கூரையைக் காட்டித்தான் ஆரம்பிப்பார்கள். அழகுதான், ஆனால் அது யார் கதை என்று சொல்லாது. நான் வீடு திறக்கிற அன்றைக்கே போய்விட்டேன். அப்பத்தா சாவியோடு மல்லுக்கட்டுகிறார், "இந்தப் பக்கம் திருப்புங்க அப்பத்தா" என்கிறாள் பேத்தி. எனக்கு அது போதும். அப்புறம் எந்தச் சடங்கு வந்தாலும் இரண்டாவது கேமரா அப்பத்தாவை விட்டு நகரவே இல்லை.

கழுத்திரு, அதாவது எங்கள் பக்கத்துக் கல்யாணத் தாலி, கோர்க்கும்போது மஞ்சள் நூலைப் பிடித்திருந்த அவர் விரலை மட்டும் நெருக்கமாக எடுத்தேன். நகம் வரைக்கும் மஞ்சள், தாலி உருவின் துளைக்குள் நூல் போகாமல் நுனியை எச்சில் தொட்டு முறுக்குகிறார். பேச்சே இல்லை. திருப்பூட்டும், அதாவது தாலி கட்டும், நேரத்தில் மாப்பிள்ளை கையிலிருந்து அப்பத்தா முகத்துக்கு வெட்டினேன், அவ்வளவுதான், பெண்ணின் அப்பச்சி, அதாவது அப்பா, பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டார். கோர்த்த காட்சி முன்னால் இல்லை என்றால் அந்த முகம் கூட்டத்தில் ஒரு முகம், அவ்வளவே.

ரஷ்யாவில் குலெஷோவ் என்ற இயக்குநர் ஒரே நடிகரின் ஒரே முகத்தைச் சூப்புத் தட்டு, சவப்பெட்டி, ஒரு பெண் என்று மாற்றி மாற்றி ஒட்டிக் காட்டியதாகச் சொல்வார்கள். பார்த்தவர்கள் அதில் பசியையும் துக்கத்தையும் ஆசையையும் கண்டார்களாம். அதனாலேயே ஒன்றில் நான் கறார்: வேறு நேரத்தில் அழுத முகத்தைக் கொண்டுவந்து திருப்பூட்டில் ஒட்டமாட்டேன். சினிமாவில் அது சரி. ஒரு குடும்பம் பேரன் பேத்திக்குக் காட்டப்போகிற படத்தில் அது பொய்.

பள்ளத்தூர் எடிட்டர்:

அண்ணே, நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு. என் கைக்கு வருகிற ஃபுட்டேஜில் பெரிய தலைவலி கோடு தாண்டுவது. பெண்ணையும் மாப்பிள்ளையையும் இணைத்து மனசுக்குள் ஒரு கோடு போட்டு, எல்லாக் கேமராவும் அதற்கு ஒரே பக்கம், 180 டிகிரிக்குள் நிற்கணும் என்பது பழைய விதி. வீட்டு நடுமுற்றமான வளவில் நாலு பக்கமும் தூண், நடுவில் வெளிச்சம், ஆளுக்கொரு பக்கம் போய் நின்றுவிடுகிறார்கள். ஒட்டிப் பார்த்தால் இடப்பக்கம் இருந்த பெண் சட்டென்று வலப்பக்கம் இருப்பாள். கோத்தமங்கலத்துக் கல்யாணம் ஒன்றில் நடுவில் நாதஸ்வரக்காரர் முகத்தை வைத்துத்தான் ஒப்பேற்றினேன். முந்தின நாளே யார் எங்கே நிற்பது என்று பேசிவிடுங்கள்.

தேவகோட்டை, பெண் வீட்டுக்காரி:

எனக்குத் தொழில் தெரியாது, தங்கச்சி கல்யாண வீடியோவை அடிக்கடி போட்டுப் பார்க்கிறவள். எடுத்தவர் அப்பச்சி சட்டையில் சின்ன மைக் மாட்டிவிட்டிருந்தார். தாய்மாமன் சீரான வேவு இறக்குகிற இடத்தில் வாசலில் அம்மான் குரல்தான் முதலில் கேட்கும், "வாங்க வாங்க" என்று அப்பச்சி சொல்வதும் கேட்கும், ஆனால் படத்தில் ஆத்தா இன்னும் அடுப்படியில் நிற்கிறார். சத்தம் கேட்டு முந்தானையில் கை துடைத்துக்கொண்டு நிமிர்கிறார், அப்புறம்தான் வேவு உள்ளே வருகிறது. அந்த இடத்தில் சினிமாப் பாட்டைப் போட்டிருந்தால் அம்மான் குரல் எங்களுக்குக் கிடைத்திருக்காது. இப்போது அவர் இல்லை.

காரைக்குடி கேமராக்காரர்:

அக்கா, அதைத்தான் ஜே-கட் என்போம், சத்தம் முன்னால், படம் பின்னால். உங்களுக்கு எடுத்தவர் விஷயம் தெரிந்தவர்.

புதிதாக வருகிற தம்பிகளுக்கு இன்னொன்று. கதைப் படம் தனி, முழு வீடியோ தனி. மொய் எழுதினவர், பந்தியில் உட்கார்ந்தவர், சிங்கப்பூரிலிருந்து வந்த பங்காளி என்று ஒருத்தர் விடாமல் முழு வீடியோவில் இருக்கணும், அது அந்த வீட்டின் கணக்கு. இரண்டுக்கும் சேர்த்தே முதலில் ரேட் பேசுங்கள், அதற்குத் தகுந்த ஆளும் மெமரி கார்டும் கொண்டுபோங்கள்.